டொக்டரிட்டை ஒரு கடிதம்

நோர்வேயின் குரோருட்டில் டொக்டரின் காத்திருப்பு அறைக்குள் மகன் சேந்தனோடு நுழைந்த பிலேந்திரனின் கண்ணில் முதலில் பட்டது கிளெமென்ற்தான்.

கிளெமென்றின் மடியில் அச்செடுத்த தாள் ஒன்று. அதன் மூலையில் இருந்த படைத்துறைச் சின்னம் தூரத்திலேயே பிலேந்திரனுக்குத் தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? அதே தாள் அவர் வீட்டுக்கும் வந்திருந்தது.

‘ஆள் அகப்பட்டுவிட்டான்’ என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

போன ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது இந்தப் பேச்சுத்தான் அடிபட்டது. ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டை எட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அழைப்பு வந்தாலும், நோர்வேயில் கொஞ்சப் பேரைத்தான் படைக்கு எடுக்கிறார்கள். இனி எல்லோரையும் கட்டாயம் எடுக்க வேண்டுமா?

பிலேந்திரன் எழுந்தே நின்றுவிட்டார்.

“எங்களுக்குச் சோறு போட்ட நாடு. எங்கட பிள்ளையள் போகாமல் வேற ஆற்ர பிள்ளையள் போறது?”

நல்ல கைதட்டல். கோப்பி ஊற்றிக்கொண்டு நின்ற கிளெமென்றின் மகள் றொஷானிகூடக் கேத்தலை வைத்துவிட்டுத் தட்டினாள்.

கிளெமென்ற் தட்டவில்லை. “கட்டாயம் எண்டு பிள்ளையளைச் சண்டைக்கு ஏத்திக்கொண்டு போனதை ஊரில கண்ணால கண்டனான் அண்ணை. என்ர பிள்ளையை நான் விடமாட்டன்.”

“பயந்தாங்கொள்ளி!” என்று பிலேந்திரன் சொன்னது கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

இன்று வியாழக்கிழமை. அந்தப் பயந்தாங்கொள்ளி டொக்டரிடம் வந்து குந்தியிருக்கிறான்.

பிலேந்திரன் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தார். சேந்தன் எதிரே அமர்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனைத் தடவத் தொடங்கினான்.

“என்ன கிளெமென்ற், சுகமில்லையோ?”

“எனக்கொண்டுமில்லை அண்ணை. றொஷானி உள்ளுக்கை நிக்கிறாள். படைக்கு ஆள் தெரிவுசெய்யிறதுக்கு வாற கிழமை கூப்பிட்டிருக்கினம். டொக்டரிட்டை ஒரு கடிதம் எடுக்கவேணும்.”

“என்ன வருத்தமாம்?”

“ஆஸ்துமா.”

“அந்தப் பிள்ளை மண்டபம் முழுக்க ஓடித் திரியுது. அவளுக்கு ஆஸ்துமாவோ?”

கிளெமென்ற் தலையைக் குனிந்தார். “பொய்தான் அண்ணை.”

இதைவிட வேறென்ன வேண்டும் பிலேந்திரனுக்கு?

“வெக்கமாயில்லையோ? உம்மட பிள்ளை வீட்டில படுத்திருக்க, வெள்ளைக்காரன்ர பிள்ளை வடக்கு எல்லையில பனிக்கை காவல் நிக்கவேணுமோ?”

சேந்தன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டான்.

கிளெமென்றுக்குக் கோபம் வரவில்லை. “நீங்கள் என்ன அண்ணை இந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

“இவனுக்கு… முழங்கால் நோ. பந்தடிக்கேக்கை பிரண்டிட்டுது. அதை விடும், உம்மட கதையைச் சொல்லும்.”

“அது பழைய பொய் அண்ணை. அவள் ரெண்டாம் வகுப்பில இருக்கேக்கை பள்ளிக்கூடத்தில பனியில சறுக்கிற ஸ்கீ நாள் வந்தது. மைனஸ் பதினைஞ்சு குளிர். பிள்ளை விறைச்சுப்போகும் எண்டு எனக்கும் மனிசிக்கும் பயம். ராவெல்லாம் மூச்செடுக்கக் கஷ்டப்படுறாள் எண்டு டொக்டரிட்டைச் சொல்லி, ஆஸ்துமா எண்டு எழுதுவிச்சனான். பிறகு ஒவ்வொரு வருசமும் அதே கடிதம். அவளுக்கு ஒரு நாளும் இளைப்பு வந்ததில்லை.”

“அதுக்கு?”

“அது இன்னும் அவளின்ர பதிவில கிடக்கு. அதோட போனால் எடுக்கமாட்டினமாம். அதுதான், நான் சொன்னது பொய், பிள்ளைக்கு ஒரு வருத்தமுமில்லை எண்டு டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டு வந்து இருக்கிறன். இப்ப உள்ளுக்கை குழாயில மூச்சை ஊதவிட்டுப் பாக்கினம். சுகம் எண்டு கடிதம் தருவினம்.”

பிலேந்திரன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீர்… விடமாட்டன் எண்டெல்லோ சொன்னனீர்?”

“இப்பவும் பயம்தான். நாலு நாளாய்ச் சாப்பாடு இறங்கேல்லை. ஆனால் அவள் போகத்தான் போறன் எண்டு நிக்கிறாள். என்ர பயத்துக்கு அவளை வருத்தக்காரி ஆக்கினது காணும் அண்ணை.”

“ஆர் அவளுக்கு இந்தப் புத்தியைக் குடுத்தது?”

“நீங்கள்தான்.”

“நானோ?”

“ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசினதைக் கேட்டுக்கொண்டெல்லோ நிண்டவள். வீட்டை வந்து சப்பாத்துக்கூடக் கழட்டேல்லை. ‘பிலேந்திரன் மாமா கேட்டது சரிதானே அப்பா? நாங்கள் போகாமல் ஆர் போறது?’ எண்டாள்.” கிளெமென்ற் எதிரே பார்த்துச் சிரித்தார். “சேந்தனும் போறான்தானே? ரெண்டு பேரும் ஒரே முகாமில எண்டால் எனக்கும் கொஞ்சம் நிம்மதி.”

பிலேந்திரன் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினார்.

கதவு திறந்தது. றொஷானி கையில் கடிதத்தோடு முகம் நிறையச் சிரிப்பாக வெளியே வந்தாள். பின்னாலேயே நேர்ஸ் எட்டிப் பார்த்து, “சேந்தன்!” என்று கூப்பிட்டாள்.

சேந்தன் எழுந்து நின்றான். நொண்டாமல் நேராகத் தகப்பனுக்கு முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்:

“அப்பா, எந்த முழங்கால் எண்டு சொல்லச் சொன்னனீங்கள்?”