முதல் தடவை

காட்டுக்குள் புதிய ரயில் பாதை போடுவதற்கு ஆட்களை அனுப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, இன்பசேகரன் அந்த அயல்நாட்டுக்கு வந்திருந்தார். விழா மேடையில், "எங்கள் மக்கள் உங்கள் மண்ணில் உழைக்க முதன்முறையாக வருகிறார்கள். இது எங்களுக்குப் பெருமை" என்றார். கைதட்டலை எதிர்பார்த்து நிமிர்ந்தபோது அரங்கம் அமைதியாக இருந்தது. முன்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இருக்கைக்குத் திரும்பியதும், பக்கத்தில் இருந்த அந்நாட்டு ரயில்வே அதிகாரி பவளம் தணிந்த குரலில் தமிழில் கேட்டார்.

"முதல் தடவையா சார்? காலையில ஒரு பழைய பாலத்து மேல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டீங்களே, அதைக் கட்டினதே உங்க ஊர் ஆளுங்கதான். உலகப்போர் நேரத்துல ராணுவத்துக்காரங்க பிடிச்சிட்டு வந்தாங்க. மழைக்காலத்துல காலரா வந்து கொட்டகை கொட்டகையா செத்துப்போனாங்க. எங்க தாத்தா இருந்த கொட்டகையில அவர் ஒருத்தர்தான் தப்பிச்சார்."

"எனக்குத் தெரியாதும்மா."

"உங்க பள்ளிக்கூடத்துல இதையெல்லாம் சொல்லித் தரலையா?"

பவளத்தின் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இன்பசேகரனுக்குக் காலையில் எடுத்த படம் நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தில் அவர் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அதை வீட்டுக்கு வேறு அனுப்பியிருந்தார்.

உதவியாளர் குனிந்து பேனாவை நீட்டினார். "சார், மந்திரி காத்துக்கிட்டு இருக்கார்."

இன்பசேகரன் பேனாவை வாங்கவில்லை. "மழைக்காலத்துல நம்ம ஆளுங்க எங்க தங்குவாங்க?" என்று கேட்டார்.

உதவியாளர் ஒப்பந்தத்தின் பக்கங்களைப் புரட்டினார்.

"ஒப்பந்தத்தை எழுதினதே நீங்கதானே சார்?"