சாம்பல் கிண்ணத்தையும் கழற்றியாயிற்று

கொடி விழுந்ததும் மிதித்தேன். வான் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது.

அது அப்படித்தான். என் கலியாணத்துக்கும் முந்தின வண்டி. ஐம்பது குதிரைவலு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதில் பத்துக் குதிரையாவது இதற்குள் செத்திருக்கும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஓட்டங்களை உப்புப் பாலைவனத்தில் வைப்பார்களாம். ஜெர்மனியில் அதற்கு எங்கே போவது? ஹனோவருக்கு வெளியே, விமானங்கள் மறந்துபோன ஒரு பழைய ஓடுபாதை இருக்கிறது. எங்களைப்போலப் பழைய வான் பைத்தியங்கள் வருடத்துக்கொருமுறை அங்கே கூடுவோம். ஒரு வண்டிக்கு ஒரே ஒரு ஓட்டம். கடைசியில் ஒரு பலகை வேகத்தைக் காட்டும். மணிக்கு நூறு கிலோமீற்றர் வந்தால் கைதட்டுவார்கள். வராவிட்டாலும் கைதட்டுவார்கள். அதுதான் எனக்குப் பொறுக்காது.

போன வருடம் தொண்ணூற்றேழு.

அன்றைக்கு வந்த கோபத்தில், அடுத்தமுறை நூறு தொடாவிட்டால் விற்றுவிடுகிறேன் என்று மனைவியிடம் வாயை விட்டுவிட்டேன். கமலநாயகி விடுவாளா? யானையைக் கட்டித் தீனி போடுகிறோம் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். வாங்குவதற்கு ஆளையும் அவளே பிடித்துவிட்டாள். அந்த இளம் சோடி முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டுக் காத்திருந்தது. நல்ல பிள்ளைகள்தான். எனக்கு அவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பாரத்தைக் குறைக்கக் காலையிலேயே எல்லாவற்றையும் கழற்றிப் புல்லில் வைத்தேன். ஸ்பெயர் டயர், றேடியோ, றப்பர் விரிப்பு, சாம்பல் கிண்ணம், கமலநாயகி இருக்கிற முன்சீட்டு. பின்னால் இருந்த பலகைக் கட்டில் மட்டும் அசையவில்லை. அவள் கட்டித்தந்த இடியப்பத்தைக்கூட நான் சாப்பிடவில்லை. அதுவும் பாரம்தானே.

அவள் தம்பியின் காரில் பிறகுதான் வந்தாள். ஓட்டுநர்களையெல்லாம் கூப்பிட்டு விதிமுறை சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு நான் திரும்பியபோது தம்பியின் கார் போய்விட்டிருந்தது. அவள் வானின் பின்கதவடியில் நின்று கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். தொலையப்போகிற வண்டிதானே, நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாம் கியர் போட்டேன். எழுபது.

அப்போதுதான் பின்னால் டொக் என்றது.

பிறகு கடகடவென்று ஒரு சத்தம். நின்றது. திரும்பவும் கடகட.

இந்த வானுக்கு இஞ்சின் பின்னால் இருக்கிறது. சத்தமும் அங்கேயிருந்துதான்.

காலை எடுத்தால் இஞ்சின் பிழைக்கும், வான் போய்விடும். எடுக்காவிட்டால் இஞ்சினே போய்விடலாம். விற்கப்போகிற வண்டியின் இஞ்சினை யாருக்காகக் காப்பாற்றுவது?

"இன்னும் கொஞ்சம், ராசாத்தி" என்றேன். நாலாம் கியர். எண்பத்தைந்து. தொண்ணூறு. ஸ்டியரிங் கையில் நடுங்கியது. தொண்ணூற்றாறில் ஊசி அசையாமல் நின்றது. போன வருடமும் இங்கேதான் மூச்சு வாங்கியது. பின்னால் திரும்பவும் டொக், டொக்.

மிதித்த காலை நான் எடுக்கவேயில்லை.

பலகையைக் கடந்தபின்தான் திரும்பிப் பார்த்தேன். 100.3.

வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அந்தச் சோடியும் எழும்பிக் கைதட்டியது. பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கதிரையை மடித்தாள். பாவமாகத்தான் இருந்தது.

வானை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். ஒயில் கொட்டியிருக்கும், புகை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தூக்கினேன். ஒயிலும் இல்லை, புகையும் இல்லை. இஞ்சின் பச்சைப்பிள்ளை மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

கட்டில் பலகையை நிமிர்த்தினேன்.

உள்ளே இரண்டு சாக்கு. ஒன்றின் வாய் அவிழ்ந்து கிடந்தது. கட்டிலடி முழுக்கத் தேங்காய்.

அறுபது கிலோவுக்குக் குறையாது. நான் சாம்பல் கிண்ணத்தைக் கழற்றியவன்! ஓடவிடக்கூடாது என்றே ஏற்றியிருக்கிறாள் என்றுதான் முதலில் பட்டது. அவ்வளவு வெறுப்பா இந்த வானில்? அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுபாதை ஓரமாக மூச்சிரைக்க ஓடி வந்தாள். நான் ஒரு தேங்காயைக் கையில் எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நூற்றெட்டும் இருக்கோ, ஒண்டும் வெடிக்கேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே சாக்கைத் தடவினாள். "வான் நூறு ஓடினா ஹம் நகரத்துக் கோயில் பிள்ளையாருக்கு உடைக்கிறனெண்டு நேர்த்தி வைச்சனான். இதில இருந்து நேரா போவமெண்டுதான் ஏத்தினன். வித்துப்போட்டு நீங்கள் வீட்டில குந்தியிருந்தா அந்த முகத்தை ஆரப்பா பாக்கிறது?"

ஓடமுதலே தேங்காயை வாங்கிவிட்டாள். ஓடாமல் விட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவே இல்லை.

நான் தேங்காயைத் திரும்பச் சாக்குக்குள் வைத்தேன். பிறகு புல்லில் கிடந்த அவளுடைய சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, நாலு திருகாணியையும் இறுக்கிப் பூட்டினேன்.