நர்சம்மா

“இன்னா தீபிகா, வாசல்லயே நின்னுட்ட? உள்ள வாம்மா.”

“வேண்டாங்கக்கா. உள்ள வந்தா என் டிரெஸ்ல ஏதாச்சும் ஒட்டிக்கும். எங்க வீட்லயும் நாலு கிளி இருக்குதுங்கல்ல. நீங்களே வெளிய கொண்டாந்து காட்டுங்க.”

ராஜகுமாரியின் முகம் சுருங்கியது. ஆனால் அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை.

சேக்காட்டு வீட்டின் கூண்டில் மஞ்சளும் ஆரஞ்சுமாய் ஐந்து கன்யூர் கிளிகள் இருந்தன. மூன்றே மாதத்தில் மூன்று போய்விட்டன. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. தின்னும், தின்ற தினை அப்படியே எச்சத்தில் விழும். நாளுக்கு நாள் இளைக்கும். நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தும். பிறகு ஒரு காலையில் கூண்டின் தரையில் கிடக்கும். ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும், மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

நாலாவது சின்னு. இப்போது சமையல் தராசில் வைத்தால் எழுபத்தெட்டு கிராம். கண்ணைத் திறக்கவே அதற்குத் தெம்பு இல்லை.

மிச்சம் இருந்தது ராணி மட்டும்.

ராஜகுமாரி அதை முந்தானையில் பொத்தி வாசலுக்குக் கொண்டுவந்தாள். “பாரு. நூத்திப் பதினெட்டு கிராம் கீறா. றெக்கையில மினுமினுப்பு கொறையல. சின்னு பக்கத்துல இன்னும் ஒரு நாள் இருந்தாலும் இவளுக்கும் ஒட்டிக்கும். ஒத்த ரூம் ஊட்ல நான் எங்க பிரிச்சி வெப்பேன்?”

நூம்பலில் பிளாட் வாங்கி வந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் தீபிகா. கிளி டாக்டரிடம் காத்திருக்கும்போது பழக்கமானவள். கை நீட்டாமலே கேட்டாள்: “டாக்டர் என்னங்க சொன்னாரு?”

“ரெண்டுக்கும் ரத்தம் எடுத்துகினாரு. ரிசல்ட் வர பத்து நாளாவுமாம். அதுவரிக்கும் தனித்தனியா வைன்னாரு. தனியான்னா எனக்கு உன் ஊடுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.”

“ரிசல்ட் வரட்டுங்கக்கா. நானே வந்து தூக்கிட்டுப் போறேன்.”

“அதுக்குள்ள இவளும் போயிட்டான்னா?”

உள்ளேயிருந்து அவள் கணவர் லோகநாதன் குரல் கொடுத்தார். “அந்தப் பொண்ண வற்புறுத்தாத ராஜி. எனக்கு மூணு நாளா இருமல், ஒரு வாய் கசாயத்துக்கு வழியில்ல. கிளிக்குன்னா மட்டும் நூம்பல் வரிக்கும் ஆள் வருது.”

“ந்தா, நீ சும்மா கெட. நீ வத்திப்போற ஆளா?”

தீபிகா சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ராணி எட்டி அவள் விரலைப் பற்றியது. தலையை மேலும் கீழுமாக ஆட்டி, தொண்டையிலிருந்து கூழான தினையைக் கொண்டுவந்து, அவள் நகத்தில் பக்குவமாக வைத்தது.

“ஐய, என்னங்கக்கா இது?”

“ஊட்டுறாம்மா. யாரு சோந்து உக்காந்தாலும் பக்கத்துல போயிடுவா. செத்துப்போன மூணும் கடைசி வரிக்கும் இவ வாயால வாங்கித்தான் துன்னுச்சுங்க. எங்க ஊட்டுக்காரு இவள நர்சம்மான்னுதான் கூப்பிடுவாரு.” ராஜகுமாரி ராணியின் தலையை வருடினாள். “அத்தினி பேரயும் பாத்துகினவ. இவளையாச்சும் பொழைக்க வெக்கணும்மா. உன் கால்ல வேணா உழறேன்.”

தீபிகா அந்த விரலைத் துடைக்காமலே நின்றாள். “எங்க சின்னக் குஞ்சு எதக் குடுத்தாலும் சாப்பிட மாட்டேங்குதுங்க...” என்றாள் மெதுவாக. பிறகு, “பால்கனியில தனியாத்தான் வெப்பேன், பரவாயில்லைங்களா?” என்றாள்.

ராஜகுமாரி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலையில் சின்னு போய்விட்டது. முருங்கை மரத்தடியில் நாலாவது குழியை லோகநாதன் தோண்டினார். காலிக் கூண்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். ராஜகுமாரி தராசை எடுத்து அலமாரியின் மேல் தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

போன் சிணுங்கியது. தீபிகா வீடியோ அனுப்பியிருந்தாள்.

‘தனியா வெக்க மனசே வரலீங்கக்கா,’ வீடியோவில் தீபிகாவின் குரல் சொன்னது. ‘முத நாளே உள்ள கொண்டாந்துட்டேன். எங்க குஞ்சு இப்ப என்னமா சாப்பிடுது பாருங்க.’

ராஜகுமாரியின் உதட்டில், எத்தனையோ நாளைக்குப் பிறகு, சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. “யோவ், இங்க வந்து பாரு. ஒண்ணையாச்சும் காப்பாத்திட்டேன்யா.”

லோகநாதன் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் வீடியோ பாதியில் நின்று, டாக்டரின் அழைப்பு வந்தது.

“ரிசல்ட் வந்திருக்கும்மா. சின்னு எப்படி இருக்கான்?”

“காலையிலதான் சார்... போயிட்டான்.”

“ம். எதிர்பார்த்ததுதான்.” சற்றுப் பொறுத்து அவர் கேட்டார்: “அந்த ராணி, அது எப்போ உங்ககிட்ட வந்துச்சு?”

“அதான் சார் கடைசியா வந்துச்சு. போன வருசம்.”

“அதுக்குள்ளயும் அந்தக் கிருமி இருக்கும்மா. வரும்போதே கொண்டுவந்திருக்கும்னு நெனைக்கிறேன். சில கிளியை அது ஒண்ணும் பண்ணாது, கூட இருக்கிறதுங்களுக்கு மட்டும் போய்ச் சேரும். ராணி இன்னும் பல வருசம் நல்லா இருக்கும், பயப்படாதீங்க. வேற எந்தக் கிளிகிட்டயும் மட்டும் விட்டுடாதீங்க. நான் சொன்ன மாதிரி தனியாத்தானே வெச்சிருக்கீங்க?”

ராஜகுமாரி போனைக் காதிலிருந்து இறக்கினாள். இரண்டு தடவை “அம்மா... அம்மா...” என்று கூப்பிட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

நின்றுபோன வீடியோ விட்ட இடத்திலிருந்து தானாக ஓடத் தொடங்கியது. ராணி கண்ணை மூடி, குஞ்சின் வாயோடு வாய் வைத்து, பொறுமையாக ஊட்டிக்கொண்டிருந்தது. பின்னால் மற்ற மூன்றும் தங்கள் முறைக்காக வரிசையாக உட்கார்ந்திருந்தன.