நடுச்சுவரில் ஒரு பாயிண்ட்

அன்று மூலையறையில் இருந்தவர்கள் பெரியவர், அவர் மகன், மருமகள், சோலார் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன். வேறு யாரும் இல்லை.

“பேட்டரி சின்னது ஐயா. கரண்ட் போனா ஒரு லைனைத்தான் தாங்கும். எதுக்குக் கொடுக்கட்டும்?”

“ஃப்ரிட்ஜுக்கு,” என்றாள் மருமகள்.

“என் கம்ப்யூட்டருக்கு,” என்றான் மகன்.

“இந்த நடுச்சுவர்ல ஒரு பாயிண்ட் வையுங்க. அதுக்கு மட்டும்,” என்றார் பெரியவர்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. “இங்க உங்க ரேடியோ மட்டும்தானே மாமா இருக்கு? அதுக்கா இத்தனை ஏற்பாடு?”

“அப்பா வச்சதுதான் சட்டம்,” என்று மகன் முணுமுணுத்தான்.

எலக்ட்ரீஷியன் டிரில்லை எடுத்தார். “பிளக் எந்த உயரத்துல ஐயா?”

“கட்டில் உயரத்துல. ஆனா இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம்.”

மருமகள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் சின்ன மாமனார் வீடு. பாகப்பிரிவினையில் எழுப்பிய சுவர் அது. அன்றோடு அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். இப்போது தம்பி ஆக்சிஜன் மெஷினை நம்பிப் படுக்கையில் கிடந்தார். கரண்ட் போய் அந்த மெஷின் சத்தம் நின்றாலே, பெரியவர் எழுந்து சுவரோரமாக நிற்பார். ரேடியோ நின்ற கோபம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

டிரில் ஓடியது. அந்தப் பக்கமிருந்து இருமலோடு ஒரு குரல்: “யாரது சுவரைக் குடையறது?”

“நான் இல்லைன்னு சொல்லும்மா,” என்றார் பெரியவர்.

அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சுவரைத் தாண்டியது ஒயர் மட்டும்தான்.