பசறைக்குப் போன மனு

பொலிஸார் தகுதியில்லாதவருக்குத் துப்பாக்கி லைசன்ஸ் கொடுத்திருந்தால் தம் அலுவலகமான பதுளைக் கச்சேரியில் முறையிடலாம் என்று அரசாங்க ஏஜண்டுத் துரை அறிவித்த வாரமே மீனாம்பாள் வந்தாள்.

"பசறையிலிருந்து வர்றேங்க. குடிச்சா என் வீட்டுக்காரர் துப்பாக்கியை என் நெஞ்சுல வைக்கிறாரு. லைசன்ஸைப் பறிச்சிடுங்க."

"அவர் பேரு?" என்று கேட்ட குமாஸ்தா லிங்கம், அவள் தயங்கியதும் சிரித்தார். "புருஷன் பேரைச் சொல்ல மாட்டீங்களே. உங்க பேர் போதும்மா."

"அவரு யாருன்னா..."

"நாங்க விசாரிச்சுக்குவோம். போய்ட்டு வாங்க."

அவள் சொன்னதை மனுவாக எழுதி, வழக்கப்படி பசறை பொலிஸ் சார்ஜன்டின் விசாரணைக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் மனுவைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"அந்தம்மாவை விசாரிச்சாச்சா?" என்று லிங்கம் கேட்டார்.

"நேத்து அடக்கம் பண்ணிட்டோங்க. துப்பாக்கியைத் துடைக்கிறப்ப வெடிச்சிருச்சாம்."

"யாரு சொன்னது?"

"எங்க சார்ஜன்ட் ஐயாதாங்க. செத்தது அவரு சம்சாரம்."