பதினொரு டாலர் பங்கும் வெர்னாவின் தோளும்

டொலிடோ நூலகத்தின் பின்னறை மேசைமேல் 2001 மார்ச் மாத மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. எங்கள் பங்குச் சங்கத்தின் ஒன்பது பேரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். இணையத்தில் கடை நடத்தும் கம்பெனியின் பங்கைச் சேர்ந்து வாங்கியிருந்தோம். தொண்ணூறு டாலருக்கு வாங்கியது இன்று பதினொன்று. போன வாரம் வேலை இழந்த லொரெய்ன் காகிதக் கோப்பையின் விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டே இருக்கிறாள். "வித்துத் தொலைச்சிடுவோம்," என்கிறார் ஓய்வுபெற்ற கண்ணாடித் தொழிலாளி ஹார்லன். "ஊர்ல பாதிப் பேருக்கு வேலையில்ல. கம்ப்யூட்டர்ல எவன் சாமான் வாங்குவான்?" கடைசியாக வந்த வெர்னா தபால் சீருடையைக்கூட மாற்றவில்லை. "வாங்குறாங்களே. போன வருசத்தைவிட இப்ப நான் வீடு வீடா கொடுக்குற அந்தக் கம்பெனிப் பெட்டிங்க ஜாஸ்தி. என் தோளைக் கேளுங்க," என்று தோளைத் தேய்த்துக்கொள்கிறாள். கீறும் சத்தம் நிற்கிறது. லொரெய்ன் முன்னால் சாய்கிறாள். "அப்படி என்னதான் வாங்குறாங்க?" "பெட்டிக்குள்ள நான் எட்டிப் பாக்கிறதில்லம்மா." எல்லோரும் சிரிக்கிறார்கள். ஹார்லன் விடுவதாயில்லை. "சும்மா அளக்காத. எங்க தெருவுல ஒருத்தன்கூட வாங்க மாட்டான். விக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க," என்று முதல் ஆளாகத் தன் கையைத் தூக்குகிறார். சொல்லலாமா வேண்டாமா என்று வெர்னா உதட்டைக் கடிக்கிறாள். "இன்னிக்கு மத்தியானம் உங்க வீட்டு வாசல்லயே ரெண்டு பெட்டி வெச்சிட்டு வந்தேன், ஹார்லன்." அவர் கை மேலேயே நிற்கிறது. வேறு யாரும் தூக்கவில்லை. "யாரு பேருக்கு?" என்று கேட்கிறார், மெதுவாக.