காது மெஷின்

"எப்படியாவது உசுரு குடுத்துருங்க பாய்! நாளைக்குக் காலையில எங்கம்மாவுக்குக் காது கேட்டாகணும்!"

ரேடியோ ரிப்பேர் கடை அப்துல் வஹாபின் காலில் பஞ்சநதம் விழவில்லை, அவ்வளவுதான். நாலு வருஷமாகப் பரணில் செத்துக் கிடந்தது அந்தக் காது மெஷின். பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வஹாபுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்த தகட்டைச் சுரண்டி, ஒயரை மாற்றி, ஈயப்பற்று வைத்தார். மெஷின் 'கீ'யென்று கத்தியது.

"பொழைச்சுக்கிச்சு, தூக்கிட்டுப் போங்க!"

வீட்டுக்கு வந்ததும் பஞ்சநதமே அதை அம்மாவின் காதில் மாட்டி, "அம்மா!" என்று கத்தினான்.

"ஏண்டா கத்துறே? மெதுவாப் பேசு" என்று சிரித்த ஞானாம்பாள், அப்படியே அழுதும்விட்டாள். "எம்புள்ள குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு!"

அம்மாவைக் கூடத்தில் விட்டுவிட்டு, காபி வாங்க அடுப்படிக்குப் போனான். அவன் மனைவி மங்களாம்பிகை வழக்கம்போல் உரக்கவே கேட்டாள்.

"நாளைக்காவது முடிஞ்சிடுமா?"

"முடியாம? கேள்வி காதுல விழாதவங்க பத்திரத்தைப் பதிய முடியாதுன்னுதானே சார்பதிவாளர் திருப்பி அனுப்பினாரு? இப்பத்தான் கேக்குதே. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அப்பா அவங்க பேர்ல போட்டு வெச்ச நஞ்சை பூரா நமக்குத்தான். வித்துட்டுத் திருச்சிக்குப் போயிரலாம்."

"அத்தை?"

"சுவாமிமலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல சொல்லி வெச்சுட்டேன். அங்க எதுக்கு மெஷினு?"

மறுநாள் ஞானாம்பாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மகனுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஆற்றுத் தண்ணீர்ச் சத்தத்தையும் மடையான் கொக்குகளின் கூச்சலையும் கேட்டுப் பூரித்துப் போனாள். பஞ்சநதத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பத்திர ஆபீசில் சார்பதிவாளர் நிதானமாகக் கேட்டார். "நிலம் மொத்தத்தையும் மகனுக்கே எழுதிக் குடுக்குறீங்க. முழுச் சம்மதந்தானேம்மா?"

ஞானாம்பாள் மகன் முகத்தையே பார்த்தாள். பிறகு மெஷினைக் காதிலிருந்து கழற்றி, ஒயரைச் சுற்றி, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நேத்துக் கேட்டதே போதும்ப்பா."